பயந்தாங்கொள்ளிப் பட்டம்

பரீட்சை மண்டபத்தில் வினாத்தாள் வழங்கப்பட்டுக் கால்மணி நேரம் ஆகியிருக்கும். முதல் வினாவுக்கு விடை நன்கறிந்த மாணவன் ஒருவன், தொடங்கிய வாக்கியத்தை முடிக்காமலே பேனாவைக் கீழே வைக்கிறான். நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, விரல்நுனிகள் விறைக்கின்றன, மண்டபமே எட்டத்தில் விலகிச் செல்வது போலத் தோன்றுகிறது. அடுத்த கணம் உயிர் போய்விடும், அல்லது அத்தனை பேர் முன்னிலையிலும் புத்தி பேதலித்துவிடும் என்ற எண்ணம் அவனைக் கவ்விக்கொள்கிறது. எழுந்து வெளியே ஓடுகிறான். மருத்துவமனையில் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்கிறார்கள். இதயத்தில் குறையேதும் இல்லை. 'ஒன்றுமில்லை' என்று கூறி அனுப்பிவிடுகிறார்கள்.

மருத்துவர் ஆறுதலாகக் கூறிய அந்தச் சொல், விடுதிக்கு வந்து சேரும்போது குற்றச்சாட்டாகிவிடுகிறது. ஒன்றுமில்லையென்றால் ஏன் ஓடினான்? படிக்கவில்லை, சாக்குப்போக்குத் தேடினான், பயந்துவிட்டான். பட்டம் பெறுதற்கென்று பல்கலைக்கழகம் புகுந்தவனுக்கு இறுதிப் பரீட்சைக்கு முன்னரே சக மாணவர் ஒரு பட்டத்தைச் சூட்டிவிடுகின்றனர். பயந்தாங்கொள்ளி என்னும் அப்பட்டம் பொய்யானது என்பதோடு விடயம் முடிந்துவிடுவதில்லை. பத்து நிமிட உடற்கொந்தளிப்பை ஆண்டுக்கணக்கான நோயாக வளர்த்தெடுப்பதில் அப்பட்டத்துக்குப் பெரும் பங்குண்டு.

நிகழ்ந்தது யாது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். ஆபத்தைக் கண்டால் போராடவோ தப்பியோடவோ உடலை ஆயத்தப்படுத்தும் பொறிமுறை மனிதனுக்கும் விலங்குக்கும் பொதுவானது. அமெரிக்க உடற்றொழிலியலாளர் வோல்டர் கனன் 1915இல் இதனை விளக்கினார். அதிரீனலின் சுரக்கிறது, இதயம் விரைகிறது, மூச்சு வேகமெடுக்கிறது. உடல் ஓடாதிருக்கையில் மூச்சு மட்டும் ஓடினால் குருதியில் காபனீரொட்சைட்டின் அளவு குறையும். தலைச்சுற்றும் விரல்விறைப்பும் அதனாலேயே தோன்றுகின்றன. அவ்வறிகுறிகளை மாரடைப்பென்று மனம் பொருள்கொள்ள அச்சம் பெருகுகிறது. பெருகிய அச்சம் அறிகுறிகளை மேலும் பெருக்குகிறது. இச்சுழற்சியை ஆங்கில உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986இல் தெளிவாக எடுத்துரைத்தார். சில நிமிடங்களில் உச்சத்தை எட்டித் தானாகவே தணிவது இக்கொந்தளிப்பின் இயல்பு.

கோழைகளுக்கே இது வருமென்போர், இது மருத்துவ ஏட்டில் இடம்பெற்ற வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தல் நலம். அமெரிக்க உள்நாட்டுப் போரிற் பங்குகொண்ட படைவீரரிடம் நெஞ்சுப் படபடப்பும் மூச்சுமுட்டும் தலைச்சுற்றும் காணப்பட்டதை ஜேக்கப் மென்டிஸ் டா கோஸ்டா என்னும் மருத்துவர் ஆராய்ந்து 1871இல் வெளியிட்டார். 'படைவீரர் இதயம்' என்றே இந்நோய்க்கு ஒரு பெயர் வழங்கிற்று. பீரங்கியின் முன் நின்றவனுக்கு வந்தது பரீட்சைத் தாளின் முன் இருப்பவனுக்கும் வருகிறது. தனியொரு நோய்வகையாக அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் வகைப்பாட்டில் இது இடம்பெற்றது 1980இல்.

இது மேனாட்டார் நோய், தமிழர்க்கு ஒவ்வாத இறக்குமதி என்று ஒதுக்குவாரும் உளர். யாழ்ப்பாணத்துப் பேச்சில் 'பதகளிப்பு' என்ற சொல் எங்கிருந்து வந்தது? ஈழத்து உளமருத்துவர் அதனைக் கலைச்சொல்லாகவே எடுத்தாண்டனர். தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் அச்சத்தை மெய்யிற் புலப்படுவதாகவே கொண்டது. தெய்வம், கொடுவிலங்கு, கள்வர், அரசன் என அச்சந்தரும் பொருள்களையும் வகுத்துக் கூறிற்று. பதகளிப்புக்குள்ளானவன் முன்னே இவற்றுள் எதுவும் இல்லை. தன் உடலே அவனுக்குப் புலியாகிவிடுகிறது. பிறர் கண்ணுக்குப் புலி தெரியாமையால் அவன் நடுக்கமும் நடிப்பெனத் தோன்றுகிறது போலும்.

முதியோர் தரப்பிலிருந்து எழும் வாதம் இன்னும் வலுவானது. 'போத்தல் விளக்கில் படித்தோம்; ஷெல் விழ விழச் சோதனை எழுதினோம்; 1995 இடப்பெயர்விலும் புத்தகத்தைக் கைவிடவில்லை. மின்விசிறிக்குக் கீழிருந்து எழுதும் இவர்களுக்கு என்ன பதகளிப்பு?' என்கின்றனர். அவர்களின் மனவுறுதி மெய்யானது. அதனை எவரும் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயின், எழுதி முடித்தோர் மாத்திரமே இன்று இவ்வாறு பேசும் நிலையில் உள்ளனர். எழுதாது இடைநின்றோரை மேடையேற்றிச் சாட்சி கேட்டவர் எவருமிலர். அக்காலத் துன்பம் மனங்களில் விட்டுச் சென்ற வடுக்களைப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் தமிழில் 'மனவடு' என்னும் நூலிலும், 1998இல் வெளிவந்த ஆங்கில நூலிலும் விரிவாகப் பதிவுசெய்துள்ளார். ஆபத்தின் நடுவே உறுதியாக நின்றவனுக்கு, ஆபத்து நீங்கியபின் அமைதியான ஒரு மாலைப்பொழுதில் நெஞ்சு படபடக்கத் தொடங்குவதும் உண்டு. அத்தகையோர் வளர்த்த பிள்ளைகளே இன்று விரிவுரை மண்டபங்களில் அமர்ந்திருக்கின்றனர்.

சமூக அமைப்பு மாறினாலன்றி இதற்குத் தீர்வில்லை என்போர் வேறொரு சாரார். போட்டியே உருவான உயர்தரப் பரீட்சை, ஒரு குடும்பத்தின் கடன் முழுவதையும் சுமந்து வரும் முதற்பட்டதாரி, 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் தடைசெய்த பின்னரும் ஒழியாத பகிடிவதை ஆகிய யாவும் மெய்யான காரணங்களே. புதுமுக மாணவரை நள்ளிரவில் எழுப்பி நடுங்கவைத்தோர் பின்னர் அவர்களைப் பயந்தாங்கொள்ளிகள் என்பது வேடிக்கை. எனினும், மாற்றம் வரும்வரை மண்டபத்துக்கு வெளியே நிற்கும் மாணவனுக்கு அக்கோட்பாடு கொடுப்பது ஏதுமில்லை.

கேலி செய்வோரைக் கண்டிப்பது எளிது. இரக்கங் காட்டுவோரும் இவ்விடத்துத் தவறுவதே கவலைக்குரியது. 'வீட்டுக்குப் போ, ஓய்வெடு, இவ்வாண்டை விட்டுவிடு' என்று நல்லெண்ணத்துடன் கூறுகின்றனர். மாணவன் போகிறான். போனதும் உடல் தணிகிறது. ஓடியதால் தப்பினேன் என்ற பாடத்தை மூளை கற்றுக்கொள்கிறது. அடுத்து விரிவுரை மண்டபம், அதன்பின் பேருந்து, ஈற்றில் விடுதியின் சாப்பாட்டறை என ஒவ்வொன்றாய் அவனுக்கு அடைபடுகின்றன. பட்டப்பெயருக்கு அஞ்சிக் காரணத்தை மறைப்பதால் இந்தச் சுருக்கம் எவர் கண்ணிலும் படுவதில்லை. நூற்றுக்கு எண்பது வீத வரவு இல்லை என்ற அறிவித்தல் ஒட்டப்படும் நாளிலேயே பீடம் அவனை நினைவுகூர்கிறது.

அவுஸ்திரேலிய மருத்துவர் கிளெயர் வீக்ஸ் 1962இல் எழுதிய நூலிற் காட்டிய வழி இதற்கு நேர்மாறானது. வருவதை எதிர்கொள்ளுதல், எதிர்த்து மல்லுக்கட்டாது வரவிடுதல், அதனூடே மிதந்து செல்லுதல், காலத்தைக் கடக்கவிடுதல் என்பனவே அவர் கூறியவை. இருந்த இடத்திலேயே இருந்து, மூச்சை மெல்ல, குறிப்பாக வெளிமூச்சை நீட்டி விட்டு, 'இது தணியும்' என்றறிந்து காத்திருப்பவன், தணிவதைத் தானே காண்கிறான். அவ்வாறு சில தடவை கண்டபின் உடல் கற்றுக்கொள்ளும் பாடம் வேறு. இன்றைய அறிகை நடத்தைச் சிகிச்சையும் இவ்வடிப்படையிலேயே படிப்படியாகப் பயிற்றுகிறது. முதன்முறை வரும்போது தைரொயிட், இதயத்துடிப்பு ஒழுங்கீனம், இழுப்பு முதலியன இல்லையென மருத்துவரிடம் உறுதிசெய்தல் இன்றியமையாதது. மருந்தும் தேவைப்படலாம், அதனை மருத்துவரே தீர்மானித்தல் வேண்டும். அறைத்தோழனிடம் கடன்வாங்கும் தூக்கக் குளிசை பழக்கத்துக்கே இட்டுச்செல்லும். விழித்திருக்க விடியவிடியக் குடிக்கும் கோப்பியும் படபடப்புக்கு எண்ணெய் வார்ப்பதே.

தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கம் இருக்கத்தான் செய்கிறது. ஆயின், 'அங்கொடைக்கு அனுப்பவேண்டியவன்' என்ற பகிடி உலவும் விடுதியில் அவ்விலக்கத்தைச் சுழற்றத் துணிவோர் எத்தனை பேர்?

பல்கலைக்கழகங்கள் தம் விதிகளையும் மீள நோக்கவேண்டும். எலும்பு முறிந்தால் மருத்துவச் சான்றிதழ் கேள்வியின்றி ஏற்கப்படும். பதகளிப்பென்று எழுதியிருந்தால் குழுவிலே புருவங்கள் உயர்கின்றன. ஏற்கப்படாதவிடத்து அவன் மீளத்தோற்றுபவன். வகுப்புச் சித்திக்கான வாய்ப்பும் பெரும்பாலும் அத்துடன் போய்விடும். ஆகவே ஓடாதிருப்பதற்கு வழிசெய்வதே அவனுக்குச் செய்யும் பேருதவி. கேட்பதும் மிகச் சிறிது: வாயிலருகே ஓர் இருக்கை, தேவையேற்படின் வெளியே பத்து நிமிடம் நின்று, மீண்டும் வந்தமர்ந்து எழுதும் அனுமதி, 'எழுது, நேரம் இருக்கிறது' என்று தணிந்த குரலிற் கூறத் தெரிந்த ஒரு மேற்பார்வையாளர். இது பார்த்தெழுதுவதற்கு வழிவிடும் என்று ஆட்சேபிப்போர் உண்டு. மலசலகூடம் செல்லும் மாணவனுடன் ஓர் ஊழியரை அனுப்பும் ஏற்பாடு மண்டபங்களில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. அதே ஊழியர் இவனுடனும் பத்து நிமிடம் நிற்கலாம்.