லாஸ் வேகாஸில் சாப்பாட்டு பில்

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் நம்மவர்களுக்கு லாஸ் வேகாஸ் பயணமும் ஒன்று வாய்க்கிறது. "நாம் என்ன, சூதாடவா போகிறோம்? சாப்பிட்டுவிட்டு, விளக்குகளைப் பார்த்துவிட்டு வருவோம்" என்பது வழக்கமான சமாதானம். அந்தச் சாப்பாட்டைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ரயில்வேக்காரன் என்ற முறையில் எனக்கு அந்த ஊர்மேல் கொஞ்சம் பாசம் உண்டு. 1905-ல் ரயில்வே கம்பெனி மனைகளை ஏலம் விட்டதில் பிறந்த ஊர் அது. 1931-ல் நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. 1971-ல் பழைய ரயில் நிலையம் இருந்த இடத்தில் காஸினோ ஹோட்டல் எழுந்தது. 1997-ல் பயணிகள் ரயிலும் நின்றுபோனது.

1940-களில் எல் ராஞ்சோ வேகாஸ் ஹோட்டலில், ஒரு டாலருக்கு வேண்டிய மட்டும் சாப்பிடலாம் என்று 'பஃபே' தொடங்கினார்கள். தர்ம சிந்தனையால் அல்ல. பசித்தவன் வெளியே போனால் திரும்பி வருவானோ, மாட்டானோ! சாப்பாட்டு நஷ்டத்தைச் சூதாட்ட மேஜை ஈடுகட்டியது. தூண்டிலில் மாட்டும் புழுவுக்கு மீனிடம் யாரும் காசு கேட்பதில்லை.

இப்போது புழுவுக்கும் காசு. 2020 கொரோனாவில் மூடிய பல பஃபேக்கள் திறக்கவே இல்லை. பெரிய ஹோட்டல்களில் ஆளுக்கு ஐம்பது டாலருக்கு மேல், டிப்ஸ் தனி. நண்டுக்கும் மாட்டிறைச்சிக்கும் சேர்த்து வைத்த விலையை, சாலட்டும் பழமும் மட்டும் தின்னும் நம் சைவப் பெரியவர்களும் கொடுக்கிறார்கள்.

மாறாதது ஒன்று: சாப்பாட்டுக் கூடத்துக்குப் பெரும்பாலும் சூதாட்டக் கூடத்தின் ஊடேதான் வழி. எந்த இன்ஜினீயரும் தெரியாமல் அப்படி வரைபடம் போடமாட்டான். 21 வயது ஆகாதவர்கள் ஆடக்கூடாது, கடந்து போகலாம். பார்க்கும் கண்ணுக்கு வயது வரம்பு ஏது?

அமெரிக்கா வரை போவானேன்? கோவாவில் மாண்டவி ஆற்றுக் காஸினோ கப்பல்களில் நுழைவுக் கட்டணத்திலேயே சாப்பாடும் மதுவும் அடக்கம். மும்பையிலும் புணேயிலும் வேலை பார்க்கும் நம் இளைஞர்கள், "சும்மா சாப்பிடப் போனோம்" என்கிறார்கள். சும்மா யாரும் சோறு போடுவதில்லை, தம்பிகளே.

ஊரைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காஸினோவுக்கு வெளியே இந்திய ஓட்டல்கள் இருக்கின்றன. பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி அங்கே சாப்பிடுங்கள். ஹோட்டலுக்குள்தான் சாப்பாடு என்றால், விலையைக் கேட்டுக்கொண்டு நுழையுங்கள், வழியில் நிற்காதீர்கள். பேரன் "அது என்ன மெஷின், தாத்தா?" என்று கேட்டால், அந்த ஊருக்கே சோறு போடுகிறவர்கள் அதில் தோற்றவர்கள்தான் என்று மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.