பலூன் யாருக்குச் சொந்தம்?

பெரிய கம்பனிகள் ஒன்றையொன்று நீதிமன்றத்துக்கு இழுக்கும் செய்திகளை நான் விடாமல் படிப்பேன். உம்மா பார்க்கும் தொலைக்காட்சி நாடகங்களைவிட அவற்றில் திருப்பங்கள் அதிகம். வேலிக்காகப் பக்கத்து வீட்டாரோடு சண்டை பிடித்தால் ஊர் சிரிக்கும். கைபேசியின் மூலைகளை வளைவாக அமைத்தது யார் என்பது உட்படப் பல விடயங்களுக்காக அப்பிளும் சம்சுங்கும் 2011 முதல் 2018 வரை நீதிமன்றப் படியேறின. அதற்குப் பெயர் ‘புலமைச் சொத்து வழக்கு’. யாரும் சிரிப்பதில்லை.

இவற்றில் பெரும்பாலானவை நமக்குத் தூரத்து இடிமுழக்கம்தான். ஒரு வழக்கு மட்டும் அப்படியல்ல. அதற்குக் காரணமான பலூன்களில் ஒன்று மலையகத் தேயிலைத் தோட்டமொன்றிலேயே வந்து இறங்கியது.

கூகுளின் ‘லூன்’ திட்டத்தைச் சொல்கிறேன். தரையிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீற்றர் உயரத்தில் பெரிய பலூன்களை மிதக்கவிட்டு, அவற்றின் வழியாக இணையம் வழங்குவது அதன் நோக்கம். கோபுரம் வேண்டாம், கம்பி வேண்டாம், மலையும் மறைக்காது. 2015 ஜூலையில் இலங்கை அரசு இதற்கு உடன்படிக்கை செய்தது. தெய்வேந்திரமுனை முதல் பருத்தித்துறை வரை ஒவ்வொரு கிராமத்துக்கும் இணையம் என்று அறிவித்தார்கள்.

2016 பெப்ரவரியில் முதலாவது பலூன் நமது வானுக்கு வந்தது. சில நாட்களுக்குள் கம்பளைப் பகுதித் தேயிலைச் செடிகளுக்கிடையே சுருங்கிக் கிடந்தது. அது விழவில்லை, திட்டப்படியே தரையிறக்கப்பட்டது என்று அதிகாரிகள் விளக்கினார்கள். கணிதத்தில் புள்ளி குறைந்தால் நாங்களும் வீட்டில் இப்படித்தான் விளக்குகிறோம். பின்னர் அலைவரிசை ஒதுக்குவதில் சிக்கல் எழுந்து, திட்டம் இங்கே முடங்கிப்போனது.

அதே 2016 ஜூனில், அமெரிக்காவின் அரிசோனாவிலுள்ள ‘ஸ்பேஸ் டேட்டா’ என்ற சிறிய கம்பனி கூகுளுக்கும் அதன் தாய்க் கம்பனியான அல்பபெட்டுக்கும் எதிராக வழக்குத் தொடுத்தது. பலூன் மூலம் தொலைத்தொடர்பு தரும் தொழிலை அது முன்னரே செய்துவந்தது. 2008 இல் கூகுளின் நிறுவனர்களே தமது இடத்துக்கு வந்து எல்லாவற்றையும் பார்த்துச் சென்றார்கள், பிறகு தாமே செய்யத் தொடங்கிவிட்டார்கள் என்பது அதன் முறைப்பாடு. யானை மீது எறும்பு தொடுத்த வழக்கு! ஆனால் எறும்பின் கையில் ஆக்கவுரிமைப் பத்திரங்கள் இருந்தன. இரகசியம் காப்பதாகக் கூகுள் ஒப்பமிட்ட உடன்படிக்கையும் இருந்தது. 2017 இல் கூகுளின் முக்கிய ஆக்கவுரிமையொன்றின் பெரும்பகுதி ரத்தானது. 2019 இல், விசாரணை தொடங்கவிருந்த தறுவாயில், யானை சமாதானத்துக்கு வந்தது.

2021 ஜனவரியில் அல்பபெட் லூனை இழுத்து மூடியது. நிலைத்து நிற்கக்கூடிய தொழிலாக நடத்தும் அளவுக்குச் செலவைக் குறைக்க முடியவில்லையாம். பலூன் யாருடையது என்ற சண்டை தீர்ந்து இரண்டு வருடம் நிறைவதற்குள் பலூனே இல்லாமற்போனது.

அதே 2021 இல் நமது பதுளை மாவட்டத்தில் நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடங்கள் வட்ஸ்அப்பில் வந்த காலம். நான் அப்போது எட்டாம் தரம். மஹியங்கனைப் பக்கம் போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடிக் காட்டுவழியே பாறை உச்சிக்கு நடந்தார்கள். அவர்களுடைய ஆசிரியையும் அங்கேதான் வந்தார். லுணுகலையில் சுமார் 30 அடி உயரத்தில் ஒரு மரவீடு. பெரியவர்கள் துணைக்குப் போக, பிள்ளைகள் முறைவைத்து ஏறிப் பாடங்களைப் பெற்றுக்கொண்டார்கள். வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்கள் படமெடுத்தன. படங்கள் மிக அழகாக வந்தன. இணையம் வரவில்லை.

இப்போது பலூன் போய் செய்மதி வந்திருக்கிறது. 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் இலங்கையில் சேவையைத் தொடங்கியது. வானம் திறந்திருந்தால் எந்த மலையிலும் வேலை செய்யும் என்பது உண்மை. கருவியின் விலை அப்போது 118,000 ரூபா. ஆகக் குறைந்த வீட்டுப் பொதிக்கு அப்போது மாதம் 12,000 ரூபா. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,350 ரூபா. நான் வணிகப் பிரிவு மாணவி. கணக்குப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அந்தச் சம்பளத்தில் கருவியை வாங்க 88 நாள் கொழுந்து பறிக்க வேண்டியிருந்தது. பிறகு மாதந்தோறும் ஒன்பது நாள் சம்பளத்தை அப்படியே எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. லயத்துக் கூரைக்கு மேலே வானம் திறந்துதான் இருக்கிறது, விலைதான் மறைக்கிறது.

கம்பனிகள் வழக்காடுவதே தவறு என்று நான் சொல்லவரவில்லை. உழைத்துக் கண்டுபிடித்தவருக்கு உரிமை வேண்டும். என்னை உறுத்துவது வேறொன்று. பலூன் வழக்கில் வாதி இருந்தார், பிரதிவாதி இருந்தார், சட்டத்தரணிகள் வரிசையாக இருந்தார்கள். பலூன் யாருக்காக மிதக்க இருந்ததோ அந்தப் பிள்ளை எந்தப் பக்கத்திலும் இல்லை. திட்டம் வந்தபோதும் அவளிடம் கேட்கவில்லை, போனபோதும் சொல்லவில்லை.

ஆனாலும் அந்த எறும்பிடம் கற்க ஒரு பாடம் உண்டு. அது யானையை நிறுத்தியது பலத்தால் அல்ல, எழுத்தில் வைத்திருந்த தாள்களால். நமக்கும் அப்படியொரு தாள் உண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தப் பிரஜையும் அரச நிறுவனத்திடம் எழுத்தில் கேள்வி கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்பதை அவர்கள் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம்.

பெற்றோரே, நமது வகுப்புகளில் தோட்டங்களிலிருந்து பஸ் ஏறி வரும் தோழிகள் இருக்கிறார்கள். அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில், சிக்னல் கிடைக்காத தோட்டப் பிரிவுகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதுவோம். அங்கே கோபுரம் அமைக்கத் திட்டம் உண்டா, எந்த வருடம் என்று தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் கேட்போம். ரீலோட் செய்யும் ஒவ்வொரு தடவையும் வரி கட்டுகிறோம். கேட்பதில் வெட்கம் எதற்கு?

தோழிகளே, பல்கலைக்கழக விண்ணப்பத்தில் சட்டத்துறையையும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அடுத்த பலூன் வரும்போது உடன்படிக்கையை வாசித்துப் பார்க்க நமது பக்கத்தில் ஒருத்தியாவது வேண்டும்.