தொடராக எது, தனியாக எது?

துணை மின் நிலையத்தில் கட்டுப்பாட்டுப் பேனலின் பின்கதவைத் திறந்தால், ஒவ்வொரு டிஜிட்டல் ரிலேயின் முதுகிலும் இரண்டு இணைப்புகள் கண்ணில் படும். ஒன்று பச்சை-மஞ்சள் எர்த் ஒயர். மற்றது ஆர்எஸ்-485 தகவல் போர்ட்டிலிருந்து வரும் முறுக்கிய இரட்டை ஒயர். இவற்றில் அடிக்கடி நேரும் குழப்பம் ஒன்றுதான்: எது தொடராகப் போக வேண்டும், எது தனித்தனியாகப் போக வேண்டும்?

எர்த் தனித்தனியாகப் போக வேண்டும். ஒவ்வொரு ரிலேயின் எர்த் திருகிலிருந்தும் பேனலின் தாமிர எர்த் பட்டைக்கு நேராக ஓர் ஒயர் தேவை. ரிலேக்கு ரிலே கோத்துக்கொண்டே போனால், நடுவில் ஒன்றைப் பழுதுபார்க்கக் கழற்றியதும் அதற்கு அப்பால் உள்ளவை எல்லாம் எர்த் இழந்துவிடும். உறையைத் தொடுகிறவருக்கு அது உயிராபத்து.

இந்த ஒயர் எவ்வளவு குட்டையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ஐசொலேட்டரைத் திறக்கும்போதும் மூடும்போதும் உயர் அதிர்வெண் அலைகள் எழுகின்றன. ரிலேக்குள் இருக்கும் ஃபில்டர்கள் அவற்றை எர்த் வழியே வெளியேற்றுகின்றன. மல்ட்டிமீட்டரில் பூஜ்யம் காட்டும் ஒரு மீட்டர் ஒயர்கூட 1 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 6 ஓம் அளவுக்குத் தடுக்கும். மிச்ச ஒயரைச் சுருட்டிக் கட்டி வைத்தால் தடை இன்னும் கூடும். அப்போது அந்த அலை தகவல் போர்ட் வழியே பாயப் பார்க்கும். எனவே 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத ஒயரில் வளைய லக்கை நன்றாகக் கிரிம்ப் செய்து, பெயின்ட் இல்லாத உலோகப் பரப்பில் இறுக்குங்கள்.

தகவல் ஒயர் இதற்கு நேர்மாறு. அது ஒரு ரிலேயிலிருந்து அடுத்த ரிலேக்குத் தொடராகவே போக வேண்டும்; நட்சத்திரம்போல் கிளை பிரிந்தால் சிக்னல் எதிரொலித்துச் சிதையும். தொடரின் இரு முனைகளில் மட்டும் 120 ஓம் ரெசிஸ்டர் வேண்டும். சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. எல்லாச் சாதனங்களையும் அணைத்துவிட்டு இரு ஒயர்களுக்கும் இடையே அளந்தால் சுமார் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனையில் ரெசிஸ்டர் விடுபட்டிருக்கிறது. 40 வந்தால் எங்கோ ஒன்று கூடுதல்.

தகவல் ஒயரைச் சுற்றியுள்ள ஷீல்டுக்கு இரண்டின் குணமும் உண்டு. அது ஒயரோடு அறுபடாமல் தொடர்ந்து போகும். ஆனால் எர்த்தை ஓர் இடத்தில் மட்டுமே தொடும். இரு முனையிலும் எர்த் செய்தால், எர்த் மின்னழுத்த வேறுபாட்டால் ஷீல்டிலேயே மின்னோட்டம் ஓடி இரைச்சலைப் பெருக்கும். தயாரிப்பாளரின் கையேடு வேறுவிதமாகச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

கட்டடம் விட்டுக் கட்டடம் தாமிரத் தகவல் ஒயர் இழுக்க வேண்டாம். எர்த் கிரிட்டின் தடை அரை ஓம், அதில் பாயும் பழுது மின்னோட்டம் 4,000 ஆம்பியர் என்றால், அங்கே மின்னழுத்தம் 2,000 வோல்ட் உயரும். ஆர்எஸ்-485 தரநிலை போர்ட்டுக்கு அனுமதிக்கும் பொது மின்னழுத்தமோ மைனஸ் 7 முதல் பிளஸ் 12 வோல்ட் வரைதான். கட்டடங்களுக்கு இடையே ஆப்டிகல் ஃபைபரே பாதுகாப்பு.

ரிலேயைப் பொருத்தும்போது எர்த்தை முதலில் இணையுங்கள். கழற்றும்போது கடைசியாக எடுங்கள். பேனலுக்கு மின்சாரம் கொடுக்கும் முன் எர்த் திருகின் இறுக்கத்தையும் அந்த 60 ஓமையும் ஒருமுறை சரிபார்த்துப் பதிவேட்டில் எழுதிவிடுங்கள்.