வலி வயிற்றில், பழி மனத்தின் மீது

எண்டொஸ்கோப்பியில் ஒன்றும் அகப்படவில்லை என்றவுடன், வயிற்றுவலியோடு வந்த பெண்ணுக்கு 'மனக்கவலை' என்று எழுதிவிடுவது எத்தகைய வைத்தியம்? அது நோய்நிர்ணயமன்று, கைகழுவல். ஆதாரம் கிடைக்காததால் சம்பவமே நடக்கவில்லை என்று நான் செய்தி எழுதினால் எந்த ஆசிரியரும் அதனை ஏற்கமாட்டார்.

பெருநாடியிலிருந்து வயிற்றறைக்குப் பிரியும் முதற் பெருங்கிளையையும் அதைச் சூழ்ந்த நரம்புக்கணுவையும் பிரிமென்றகட்டின் நார்ப்பட்டி நெரிக்கும் நோயொன்று உண்டு. உண்டபின் வலி, உண்ணவே அச்சம், அதனால் மெலிவு. 1963 இல் பின்லாந்தின் ஹார்யோலாவும் 1965 இல் டன்பாரும் இதனை எடுத்துரைத்தார்கள். ஆயினும் அப்படியொரு நோயே இல்லை என்று வாதிட்டோரும் உளர்.

அவர்கள் வாதத்திலும் நியாயம் உண்டு. நெரிபட்ட நாடியோடு நோவின்றி வாழ்வோர் பலர். ஆகவே படத்தைப் பார்த்த மாத்திரத்தில் கத்தியை எடுப்பது தவறு. ஆனால் ஐயம், தேடுவதற்குக் காரணமாக வேண்டுமேயன்றித் தேடாமைக்குச் சாட்டாகக் கூடாது. மூச்சை உள்ளிழுக்கச் செய்தும் வெளிவிடச் செய்தும் டொப்ளர் ஸ்கான் எடுத்தால் குருதியோட்டத்தின் வேகமாற்றம் தெரியும். வெளிவிடும்போது நெரிவு கூடும். சீ.ரி. நாடிப்படம் நாடியின் ஒடுக்கத்தைக் காட்டும். நரம்புக்கணுவை ஊசியால் மரக்கச் செய்து வலி தணிகிறதா என்றும் பார்க்கலாம். ஏனைய நோய்கள் இல்லையென உறுதியான பின்னரே நார்ப்பட்டியை வெட்டி நாடியை விடுவிக்கும் சத்திரசிகிச்சை. அது எல்லோருக்கும் பலனளிப்பதில்லை என்பதையும் நோயாளிக்கு முன்னரே சொல்ல வேண்டும்.

'உமக்கு ஒன்றுமில்லை' என்பது வேறு. 'எனக்குத் தெரியவில்லை' என்பது வேறு. இரண்டாவதைச் சொல்லும் நேர்மை நம் வைத்தியர்களுக்கு எப்போது வரும்?