வண்டியில் பீடிங் தொங்குதா? ஆம்பூர் ஷூ பேஸ்டிங் சொல்லித் தரும் பாடம்!

கேரவன் என்றதும் நமக்கு ஷூட்டிங் ஸ்பாட்டும், அதற்குள் ஓய்வெடுக்கும் ஹீரோவும்தான் நினைவுக்கு வருவார்கள். இப்போது கதை கொஞ்சம் மாறிவிட்டது. கேரளா 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே தனிக் கொள்கை அறிவித்தது. நம் பக்கத்திலும் வேனுக்குள் படுக்கை, அடுப்பு, தண்ணீர் டேங்க் எல்லாம் வைத்து, ஆர்.சி-யிலும் மாற்றத்தைப் பதிந்துகொண்டு குடும்பத்தோடு ஊர் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். என் மாமாவும் அவர்களில் ஒருவர்.

போன மாதம் வேலூரிலிருந்து ஏலகிரிக்குக் கிளம்பினோம். பள்ளிகொண்டா டோல்கேட்டைத் தாண்டி கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். பைக்கில் வந்த ஒருவர் பக்கத்தில் வந்து கத்தினார். "அண்ணே, சைடுல பட்டை தொங்குது! இன்னும் கொஞ்சம் இருந்தா என் மூஞ்சிலயே அடிச்சிருக்கும்!"

ஓரம் கட்டிப் பார்த்தோம். வேனின் பக்கவாட்டில் நீளமாக ஓடும் அலுமினிய பீடிங், பின்முனையில் ஒரு முழத்துக்குப் பிரிந்து ஆடிக்கொண்டிருந்தது. அந்த பைக்கின் பின்சீட்டில் கைக்குழந்தையோடு அவர் மனைவி. மாமாவுக்கு வாயே வரவில்லை.

கயிற்றால் கட்டிக்கொண்டு, மெதுவாக ஆம்பூர் வரை ஓட்டினோம். அங்கே அத்தையின் தம்பி வீடு. நான் சித்தப்பா என்று கூப்பிடுவேன். ஷூ கம்பெனியில், பேஸ்டிங் செக்‌ஷனில் பல வருட அனுபவம். மாமா கடையில் வாங்கி வைத்திருந்த 'ஒரு சொட்டு' பசையை எடுத்து நீட்டினார்.

"அத உள்ள வைங்க மாமா. ஏன் பிரிஞ்சுதுன்னு மொதல்ல பாக்கணும். சோல் பிரிஞ்சு ஒரு ஷூ திரும்பி வந்தா, நாங்க உடனே பசையைக் குறை சொல்ல மாட்டோம். லெதரை சரியா தேய்ச்சாங்களா, தூசு தொடைச்சாங்களா, பசையைக் காய விட்டாங்களான்னுதான் கேப்போம்."

பட்டைக்குக் கீழே என்ன?

பீடிங்கை நாம் அழகுக்கு வைத்தது என்று நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு மூடி. இரண்டு தகடுகள் சேரும் இடத்தையும், ஸ்க்ரூ, ரிவெட் தலைகளையும் மறைத்துத் தண்ணீர் உள்ளே போகாமல் காப்பதுதான் அதன் வேலை.

சித்தப்பா பட்டையை மெதுவாக நெம்பி எடுத்தார். ஸ்க்ரூக்கள் துருப்பிடித்திருந்தன. அதற்கு நேர் உள்ளே இருந்த பிளைவுட்டை விரலால் அழுத்தினால், டீயில் ஊறிய ரஸ்க் மாதிரி உள்ளே போனது. அதையொட்டித்தான் குழந்தைகள் படுக்கும் கட்டில். பல மாதங்களாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது, எங்களுக்குத் தெரியவில்லை. மேலே பசை வைத்து ஒட்டியிருந்தால், இனியும் தெரிந்திருக்காது.

இதில் நம்ம ஊர் வெயிலுக்கும் பங்கு உண்டு. விடியற்காலையில் 25 டிகிரியில் இருக்கும் தகடு, கத்திரி வெயிலில் 65 டிகிரியைத் தொடலாம். அந்த 40 டிகிரி வித்தியாசத்தில் 5 மீட்டர் அலுமினியப் பட்டை ஏறத்தாழ 4.5 மில்லிமீட்டர் நீளும். இரும்பு நீள்வது ஏறக்குறைய அதில் பாதிதான். தினமும் ஒன்று அதிகமாகவும் இன்னொன்று குறைவாகவும் நீண்டு சுருங்கினால், நடுவில் இருக்கும் ஸ்க்ரூவும் பசையும்தான் அடி வாங்கும். 'ஒரு சொட்டு' பசை காய்ந்தால் கண்ணாடி மாதிரி விறைத்துவிடும். இந்த இழுபறிக்கும் வண்டியின் அதிர்வுக்கும் அது தாங்காது. வளைந்துகொடுக்கும் பசைதான் வேண்டும்.

எப்படிச் சரிசெய்வது?

1. பழையதைச் சுத்தமாக எடுங்கள்: பழைய பசை, சிலிக்கான், துரு எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது. பழைய சிலிக்கான் மேல் புதுப் பசை சரியாகப் பிடிக்காது. சுரண்ட பிளாஸ்டிக் தகடு போதும். கத்தி வைத்தால் பெயின்ட் போய்விடும்.

2. காய விடுங்கள்: உள்ளே ஈரம் இருக்கும்போது மேலே மூடினால், நோயை உள்ளே வைத்துத் தையல் போட்ட கதைதான். ஊறிப்போன பிளைவுட்டை மாற்றிவிட்டுத்தான் அடுத்த வேலை.

3. துடையுங்கள்: மொபைல் சர்வீஸ் கடைகளில் பயன்படுத்தும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலையும் தண்ணீரையும் சரிபாதி கலந்து துடைக்கலாம். பெட்ரோல், தின்னர் வேண்டாம். பெயின்ட்டையும் பிளாஸ்டிக்கையும் அரிக்கும், தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

4. ஸ்க்ரூ பட்டை என்றால்: அடியில் பியூட்டைல் டேப் ஒட்டி, அதன் மேல் பட்டையை வைத்து முடுக்குங்கள். இந்த டேப் இறுகிப்போகாமல் மெத்தென்று இருக்கும், ஸ்க்ரூ துளையைச் சுற்றி அடைத்துக்கொள்ளும். துளை பெரிதாகியிருந்தால், அதே ஸ்க்ரூவை மறுபடி போடாதீர்கள். ஒரு சைஸ் பெரியது போடுங்கள், அல்லது பாடி பில்டிங் கடையில் ரிவெட் அடிக்கச் சொல்லுங்கள். மேல் விளிம்பில் பி.யு சீலன்ட் ஒரு கோடு இழுத்தால், மழைத்தண்ணீர் பட்டைக்குப் பின்னால் இறங்காது. வினிகர் வாசனை அடிக்கும் சிலிக்கானைத் தவிருங்கள். அது உலோகத்தை அரிக்கும்.

5. ஒட்டுப் பட்டை என்றால்: காரின் கதவில் இருப்பது போன்ற பிளாஸ்டிக் பட்டைக்கு, இரண்டு பக்கமும் ஒட்டும் அக்ரிலிக் ஃபோம் டேப் நல்லது. நிழலில் வைத்து ஒட்டுங்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அழுத்திக்கொண்டே வாருங்கள். முழுப் பிடிமானம் வர சுமார் 72 மணி நேரம் ஆகும். அதுவரை வாட்டர் வாஷ் கூடாது.

"ஷூவுலயும் இதேதான்" என்றார் சித்தப்பா. "ரெண்டு பக்கமும் பசை தடவுவோம். கைல ஒட்டாத அளவுக்குக் காஞ்ச பிறகு சூடு காட்டி, மெஷின்ல அழுத்துவோம். ஈரத்தோட ஒட்டினா, உள்ள இருக்கிற தின்னர் வெளிய வர வழி இல்லாம பொங்கிடும். அவசரப்பட்டவன் ஷூ, மொத மழையில வாயைப் பொளக்கும்."

இன்னொன்றையும் அவர் அழுத்திச் சொன்னார். சொல்யூஷன் வாடையைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. மூடிய அறையிலோ வண்டிக்குள்ளேயோ இந்த வேலையைச் செய்யாதீர்கள். பக்கத்தில் பீடி, அடுப்பு இருக்கக் கூடாது. குழந்தைகளைத் தள்ளி உட்கார வையுங்கள்.

நடு ரோட்டில் பிரிந்தால்?

இடது ஓரம் நிறுத்தி, நான்கு இண்டிகேட்டரையும் போடுங்கள். தொங்கும் பட்டையை முழுவதும் கழற்ற முடிந்தால் கழற்றி வண்டிக்குள் போட்டுவிடுவதே நல்லது. முடியாவிட்டால் குறுக்கே பல இடங்களில் டேப் சுற்றிக் கட்டுங்கள். முன்முனை பிரிந்திருந்தால் இன்னும் ஆபத்து. எதிர்க்காற்று ஒரே இழுப்பில் மொத்தத்தையும் பிய்த்துவிடும். ஆபத்தான பழுதோடு வண்டியை ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டம் 190-வது பிரிவின்படி 1,500 ரூபாய் வரை அபராதம் உண்டு.

ஆனால், மாமாவை யோசிக்க வைத்தது அபராதம் இல்லை. அன்று ராத்திரி சாப்பிடும்போதும், "அந்தக் குழந்தை..." என்று ஆரம்பித்தவர் மேலே சொல்லாமல் நிறுத்திக்கொண்டார். இப்போதெல்லாம் வண்டியை எடுக்கும் முன் டயரைத் தட்டிப் பார்ப்பதோடு, ஒருமுறை சுற்றி வந்து பட்டையின் முனைகளையும் கையால் இழுத்துப் பார்க்கிறார். அரை நிமிட வேலைதான்.

அந்த டிரிப் ஆம்பூர் பிரியாணியோடு முடிந்தது. பிளைவுட் மாற்றி, பட்டை பொருத்தி, சீலன்ட் காய விட்டு, அடுத்த வாரம்தான் ஏலகிரிக்குப் போனோம். அந்த 14 கொண்டை ஊசி வளைவுகளும் அதே இடத்தில்தான் இருந்தன!