இயந்திரம் அளித்த சம்மதம்

சென்ற ஞாயிறன்று அண்டை வீட்டுப் பிள்ளை முகம் வாடி வந்து அமர்ந்தான். சிறிய மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணி புரிபவன். "மாமா, எட்டு ஆண்டுகளுக்கு முன் நான் செய்த சிறு தந்திரம் இப்பொழுது என்னையே கேள்வி கேட்கிறது" என்றான்.

நடந்தது இதுதான். 2018ஆம் ஆண்டில் நிறுவனத்தின் கணினிகள் அனைத்திலும் ஜாவாவை ஏற்றும் வேலை அவனுக்கு வாய்த்தது. ஆரக்கிள் தளத்திலோ, "உரிம நிபந்தனைகளை ஏற்கிறேன்" என்பதை அழுத்தினாலன்றிக் கோப்பு இறங்காது. அழுத்தியவருக்கு அத்தளம் குக்கி என்னும் அடையாளச் சீட்டு ஒன்றை அளிக்கும். அச்சீட்டைத் தானே எழுதி நீட்டுமாறு ஒரு ஸ்கிரிப்டை அமைத்தான் பிள்ளை. எவரும் அழுத்தாமலே கோப்புகள் இறங்கின. உலகெங்கும் பலர் அறிந்திருந்த உபாயமே அது.

அவ்வாண்டு செப்டம்பரில் ஜாவா 11 வெளிவந்தது. ஸ்கிரிப்டில் 8 என்றிருந்த எண்ணை 11 என மாற்றினான், சீட்டு அதேதான். ஆனால் சீட்டுக்குப் பின்னிருந்த நிபந்தனை மாறிவிட்டது. ஆரக்கிளின் ஜாவா 8ஐ அன்று பொதுப் பணிகளுக்கு இலவசமாய்ப் பயன்படுத்தலாம். 11ஐயோ உருவாக்கவும் சோதிக்கவும் மட்டுமே. வணிகத்தில் இயக்கக் கட்டணம் உண்டு. மனிதன் அழுத்தியிருந்தால் ஒருவேளை படித்திருப்பான், இயந்திரம் படிக்கவில்லை. 2023 ஜனவரி முதல் அக்கட்டணம் ஊழியர் எண்ணிக்கையைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. ஆகவே நிறுவனத்தார் இன்று, "ஏற்றுக்கொண்டவர் யார்?" என வினவுகின்றனர்.

"நான் அழுத்தவே இல்லையே!" என்றான். அது விடையாகாது. நமது தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 11ஆம் பிரிவு, ஒருவர் தானே இயங்குமாறு அமைத்த கணினி அனுப்பிய மின்பதிவை அவருடையதாகவே கொள்கிறது. எங்கள் முன்பதிவுச் சாளரத்திலும் இதே நியாயம்தான். படிவத்தை யார் நிரப்பினாலும், வயது தவறெனில் வண்டியில் விடை சொல்ல வேண்டியவர் பயணியே.

அப்படியாயின் தானியங்கு முறையே கூடாதோ? கூடும். நாற்பது கணினிகளில் நாற்பது முறை அழுத்துவது வீண்வேலை. ஆனால் ஒருவர் ஒருமுறை நிபந்தனையை முழுதும் படித்து, அதன் படியையும் தேதியையும் பதிப்பெண்ணையும் கோப்பில் வைத்தல் வேண்டும். எண் மாறினால் மறுபடியும் படித்தல் வேண்டும். கட்டணமற்ற ஓப்பன்ஜேடிகேயை உபுண்டு போன்றவை சம்மதம் கேளாமலே தருகின்றன. பெரும்பாலோர்க்கு அதுவே போதும். 2021 செப்டம்பரில் வந்த ஜாவா 17 முதல் ஆரக்கிளும் ஸ்கிரிப்டுக்கென நேர்முகவரி தருகிறது. ஆயினும் கதவு திறந்திருப்பதால் நிபந்தனை இல்லையென்று ஆகாது.

பிள்ளை மறுநாளே முதலாளியிடம் உண்மையைச் சொன்னான். கடிந்துகொண்டாராம், ஆனால் மாற்றும் பொறுப்பை அவனிடமே விட்டாராம். பிழைக்க வந்த ஊரில் நம் பிள்ளைகளின் கைத்திறனை யாவரும் மெச்சுகின்றனர். படித்த பின்பே ஒப்பமிடும் பழக்கத்தையும் அதனோடு சேர்த்துக் கொடுப்பது பெற்றோராகிய நம் கடமை.