முதல் கேள்வி யார் கேட்பது?

'மரபணுச் சோதனை பெரிய ஆஸ்பத்திரி வேலை. ராயபுரம் கிளினிக் டாக்டர் காய்ச்சலைப் பார்த்தால் போதும்' என்கிறீர்கள். ஏற்கவே முடியாது. யார் மாமன் மகளைக் கட்டியவர், யார் வீட்டுப் பிள்ளைக்கு அடிக்கடி ரத்தம் ஏற்றினார்கள் என்பதெல்லாம் ஸ்டான்லி ஆஸ்பத்திரி நிபுணருக்கு எப்படித் தெரியும்? இந்தக் கிளினிக் டாக்டருக்குத் தெரியும்.

பரம்பரை ரத்தநோயான தலசீமியாவையே எடுங்கள். ஒரு கர்ப்பிணிக்கு இரும்புச்சத்து மாத்திரைக்கு மசியாத சோகை, சிறுத்த சிவப்பணு. அவருக்கு ஹீமோகுளோபின் ஏ2 சோதனை எழுத வேண்டியவர் இந்த டாக்டர்தான். அளவு கூடியிருந்தால் கணவருக்கும் உடனே. இருவரும் நோய் மரபணுவின் கடத்திகள் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர 25 சதவீத வாய்ப்பு. கருவிலேயே சோதிக்கலாம், 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடுப்பது பாலினம் பார்ப்பதைத்தான், இதை அல்ல.

'உன் வம்சக் கோளாறு' என்று மாமியார் மருமகளைக் குத்தும்போது, 'உங்கள் மகனிடமிருந்தும் வந்ததுதாம்மா' என்று சொல்லி நிறுத்த நிபுணரா வீட்டுக்கு வருவார்?